விக்கிப் பக்கத்துக்குள் தரவுத்தள வினவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடிக்கையாளர் உதவிக் குழு ஒன்றின் விக்கியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். திங்கள்கிழமைக் கூட்டத்துக்கு முன் யாராவது ஒருவர் உட்கார்ந்து கையால் எண்களை நிரப்பிவந்த பக்கங்கள், இன்று வினவல்கள் மூலம், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள் மூலம், தாமாகவே நிரம்புகின்றன. குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் இதைப் பற்றிக் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். நாங்கள் பயன்படுத்துவது மீடியாவிக்கி என்ற விக்கி மென்பொருள், அதன்மேல் வெளித் தரவைக் கொண்டுவரும் எக்ஸ்டெர்னல் டேட்டா என்ற நீட்சி (கூடுதல் வசதி), பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்து வருகின்றன. சிக்கல்களோ எந்த விக்கியிலும் வரக்கூடியவை.

எண்களைக் காட்டத்தான் டாஷ்போர்டு இருக்கிறதே, விக்கியில் எதற்கு?

வரைபடங்களும் எச்சரிக்கை மணியும் வேண்டுமென்றால் கிராஃபானா, மெட்டாபேஸ் போன்ற டாஷ்போர்டு மென்பொருள்களே சரி. விக்கியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எண்ணுக்குப் பக்கத்திலேயே அதன் கதையையும் எழுத முடியும். "நிலுவைக் கோரிக்கைகள் 41" என்று டாஷ்போர்டு சொல்லும். அந்த 41-இல் எவற்றை முதலில் எடுக்க வேண்டும், எந்த வகைக் கோரிக்கையை எந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டும், சென்ற முறை இதே நிலை வந்தபோது என்ன செய்தோம் என்பதெல்லாம் விக்கியில்தான் இருக்கின்றன. நடைமுறைக் குறிப்பும் நேரடித் தரவும் ஒரே பக்கத்தில் இருக்கும்போது, இரவுப் பணியில் தனியாக இருப்பவர் இரண்டு இடங்களில் தேட வேண்டியதில்லை.

சர்வர்களின் பட்டியல், இந்த வாரம் அழைப்பை ஏற்க வேண்டியவர், திறந்திருக்கும் பிழைகள், எந்தப் பதிப்பு எந்த வாடிக்கையாளரிடம் ஓடுகிறது என்பவை எல்லாம் இதற்கு ஏற்றவை. நொடிக்கு நொடி மாறும் அளவீடுகள் ஏற்றவை அல்ல.

எந்த விக்கியில் எப்படிச் செய்வது?

மீடியாவிக்கியில் இரண்டு வழிகள் உண்டு. தரவு வேறொரு தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருந்தால் எக்ஸ்டெர்னல் டேட்டா. தரவையே விக்கியில்தான் எழுதிச் சேர்க்கப் போகிறோம் என்றால் கார்கோ என்ற நீட்சி; வார்ப்புருக்களில் (பல பக்கங்களில் மீண்டும் பயன்படும் அச்சுகளில்) நிரப்பும் மதிப்புகளை அது அட்டவணைகளாகச் சேமித்துக்கொள்ளும், பிறகு எந்தப் பக்கத்திலிருந்தும் வினவலாம். கார்கோவைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: வரம்பு எதையும் குறிப்பிடாவிட்டால் அது 100 பதிவுகளையே காட்டும். அட்டவணையைக் கண்ணால் எண்ணி "சரியாக நூறு" என்று அறிக்கை எழுதியவரை எனக்குத் தெரியும்.

டிராக் என்ற, விக்கியோடு கூடிய பிழைப் பதிவு மென்பொருளைப் பயன்படுத்தும் குழுக்களுக்கு டிக்கெட்குவெரி என்ற மேக்ரோ (பக்கத்தில் எழுதும் குறுங்கட்டளை) கூடவே வருகிறது. கான்ஃப்ளுயன்ஸ் விக்கியில் எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழியில் நேரடியாக எழுத, தனியாக ஒரு செயலியை வாங்கிச் சேர்க்க வேண்டும்.

முழு வினவலையும் பக்கத்திலேயே எழுதிவிடலாமா?

எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விக்கியின் இயல்பை நினைத்துப் பாருங்கள். 1995 மார்ச் 25 அன்று வார்டு கன்னிங்காம் முதல் விக்கியை இணையத்தில் வைத்தபோதே, வாசிப்பவர் எவரும் திருத்தலாம் என்பதுதான் அதன் அடிப்படை. தரவுத்தளத்தின் இயல்பு நேர் எதிரானது. யார் எதைத் தொடலாம் என்று ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்த பிறகே அது கதவைத் திறக்கிறது. முழு வினவலையும் பக்கத்தில் எழுதினால், எழுத்துப் பிழை திருத்த வந்தவர்கூட, தன்னை அறியாமலே, தரவுத்தளத்தில் ஓடப்போகும் கட்டளையை மாற்றக்கூடும்.

எனவே தரவுத்தளத்தில் ஒரு வியூவை, அதாவது பெயரிட்டுச் சேமித்த வினவலை, உருவாக்குங்கள். அதற்குப் பொருள் விளங்கும் பெயர் வையுங்கள். நாங்கள் விக்கிக்கான வியூக்கள் எல்லாவற்றையும் தனி ஸ்கீமா (தரவுத்தளத்தின் உட்பிரிவு) ஒன்றில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் இருப்பது வியூவின் பெயர், காட்ட வேண்டிய நெடுவரிசைகள், வரிசைப்படுத்தும் முறை, வரம்பு, அவ்வளவுதான். வியூவின் மூல வரிகள் நிரல்களோடு சேர்ந்து, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் களஞ்சியத்தில் இருக்கின்றன. அவற்றை மாற்ற வேண்டுமென்றால் இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதில் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. "நிலுவை" என்றால் என்ன? வாடிக்கையாளரின் பதிலுக்காக நாம் காத்திருக்கும் கோரிக்கை நிலுவையா, இல்லையா? ஐந்து பக்கங்களில் ஐந்து பேர் தனித்தனியாக வினவல் எழுதினால் ஐந்து விதமான நிலுவைகள் பிறக்கும். கூட்டத்தில் பாதி நேரம் எந்த எண் சரி என்ற வாதத்திலேயே கழியும். வியூ ஒன்றுதான் என்றால் வரையறையும் ஒன்றுதான்.

எந்தக் கணக்கில் இணைப்பது?

விக்கிக்கென்றே தனிக் கணக்கு. வாசிக்கும் உரிமை மட்டும். அதுவும் மேலே சொன்ன ஸ்கீமாவில் உள்ள வியூக்களுக்கு மட்டும். செயலி பயன்படுத்தும் கணக்கையே விக்கிக்கும் கொடுத்துவிடலாம், இப்போதைக்கு வேலை நடக்கட்டும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த "இப்போதைக்கு" முடிந்து நான் பார்த்ததில்லை.

கடவுச்சொல் ஒருபோதும் பக்கத்தில் இருக்கக் கூடாது. எக்ஸ்டெர்னல் டேட்டாவில் இணைப்பு விவரங்கள் சர்வரில் உள்ள லோக்கல்செட்டிங்ஸ் கோப்பில் இருக்கும், பக்கத்தில் இணைப்பின் பெயர் மட்டுமே வரும். சில விக்கிகளின் பழைய செருகுநிரல்கள் இணைப்பு முகவரியைப் பக்கத்திலேயே எழுதச் சொல்லும். அப்படிப்பட்டவற்றை நிறுவ வேண்டாம். எழுதிவிட்டுப் பிறகு அழித்தாலும் பக்க வரலாற்றில் அது நின்றுவிடும். ஏற்கெனவே அப்படி நடந்திருந்தால் திருத்தத்தை மறைப்பதோடு நிற்காமல் கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள்.

பக்கம் 0 என்று காட்டியது, ஆனால் உண்மையில் வேலை குவிந்திருந்தது. எப்படி?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், யாருக்கும் ஒதுக்கப்படாத கோரிக்கைகளை ஒரு விக்கிப் பக்கம் பட்டியலிட்டுவந்தது. ஒரு நாள் பட்டியல் வெறுமையானது. எல்லாவற்றையும் ஒதுக்கி முடித்துவிட்டோம் என்று குழுவில் மகிழ்ந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, என் கோரிக்கையை ஒருவர்கூடப் பார்க்கவில்லையே என்று கேட்டார். தேடிப் பார்த்தால் ஒதுக்கப்படாதவை ஏராளம்.

வினவல் எளிமையானது: ஒதுக்கீட்டு அட்டவணையில் இல்லாத எண்களை உடைய கோரிக்கைகளைக் கொடு. அதை "நாட் இன்" கொண்டு எழுதியிருந்தார்கள். அந்த ஒதுக்கீட்டு அட்டவணையில் ஒரே ஒரு பதிவில் கோரிக்கை எண் நிரப்பப்படாமல் நல் (NULL) என்ற மதிப்பாகப் புகுந்துவிட்டது. எஸ்க்யூஎல் மொழியில் நல் என்பதற்குப் பூஜ்ஜியம் என்றோ வெற்றிடம் என்றோ பொருளில்லை; "தெரியாது" என்றுதான் பொருள். 17 என்ற கோரிக்கை இந்தப் பட்டியலில் இல்லையா என்று கேட்டால், பட்டியலில் தெரியாத ஒன்று இருக்கிறது, அது 17 ஆகவும் இருக்கலாம், எனவே சொல்ல முடியாது என்கிறது தரவுத்தளம். "சொல்ல முடியாது" என்ற விடை நிபந்தனையில் தேறாது. ஒதுக்கப்படாத ஒவ்வொரு கோரிக்கைக்கும் இதே விடை. ஆக, ஒன்றுகூட மிஞ்சவில்லை. "நாட் எக்ஸிஸ்ட்ஸ்" கொண்டு எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

வினவல் உடைந்து பக்கம் சிவப்பில் பிழைச்செய்தி காட்டியிருந்தால் அன்றே யாராவது கவனித்திருப்பார்கள். பூஜ்ஜியம் பிழைபோல் தெரிவதில்லை. நற்செய்திபோல் தெரிகிறது. அதனால்தான் வெறும் பட்டியலை மட்டும் வைக்காதீர்கள் என்கிறேன். அதன் மேலே மொத்தம், ஒதுக்கப்பட்டவை, ஒதுக்கப்படாதவை என்று மூன்று எண்களையும் தனித்தனி வினவல்களால் காட்டுங்கள். பின் இரண்டையும் கூட்டினால் முதலாவது வர வேண்டும். வராவிட்டால் கணக்கில் தேர்ந்தவர்தான் கண்டுபிடிக்க வேண்டுமென்பதில்லை. பார்ப்பவர் எவரும் கேள்வி கேட்பார்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில பொறிகளும் உண்டு. கோரிக்கை அட்டவணையோடு கருத்துகள் அட்டவணையை ஜாயின் செய்து இணைத்துவிட்டு எண்ணினால், மூன்று கருத்துகள் உள்ள கோரிக்கை மூன்றாக எண்ணப்படும். ஒரு நெடுவரிசையைச் சொல்லி எண்ணினால் அதில் நல் உள்ள பதிவுகள் விட்டுப்போகும். சராசரியும் அப்படித்தான்: இன்னும் முடியாத கோரிக்கைகளில் முடிந்த நேரம் நல் ஆக இருப்பதால், "தீர்க்க ஆகும் சராசரி நேரம்" அவற்றைச் சேர்க்காமலே கணக்கிடப்படுகிறது. மாதக்கணக்கில் கிடக்கும் கடினமான கோரிக்கைகள் சராசரியைத் தொடவே தொடாது. அந்த எண்ணைப் பார்த்து எத்தனை பேர் நிம்மதி அடைந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அட்டவணைக்குக் கீழே என்ன எழுத வேண்டும்?

மூன்று செய்திகள். இது எந்த நேரத்துத் தரவு. இதில் எவை சேர்ந்திருக்கின்றன, எவை சேரவில்லை. சந்தேகம் வந்தால் எந்தக் குழுவைக் கேட்பது.

முதலாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பக்கம் உருவான நேரத்தைக் காட்டுவது எளிது, ஆனால் அது போதாது. மூல அமைப்பிலிருந்து அறிக்கைத் தரவுத்தளத்துக்குத் தரவைக் கொண்டுவரும் வேலை நேற்று மதியம் நின்றுபோயிருந்தால், பக்கம் "இன்று காலை 9.10" என்று காட்டிக்கொண்டே நேற்றைய எண்ணைச் சொல்லும். ஆகவே அந்த அட்டவணையிலேயே மிக அண்மையில் மாறிய பதிவின் நேரத்தை எடுத்துக் காட்டுங்கள். எங்கள் வியூ ஒவ்வொன்றிலும் இதற்கென ஒரு நெடுவரிசை இருக்கிறது. அந்த நேரம் 2 மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் அட்டவணையின் தலைப்பு மஞ்சளாக மாறும்படி வார்ப்புருவில் எழுதியிருக்கிறோம்.

பக்கம் திறக்க வெகுநேரம் ஆகிறது. என்ன செய்யலாம்?

வினவலை எழுதியவர் அதைத் தன் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார். 4 நொடி ஆகிறது. பரவாயில்லை என்று நினைக்கிறார். விக்கிப் பக்கத்தையோ காலைக் கூட்டத்தில் முப்பது பேர் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். அந்த வேறுபாடுதான் எல்லாத் தொல்லைக்கும் தொடக்கம்.

2020-ல் ரஷ்ய மொழி விக்கிசெய்திகளில் இது பெரிய அளவில் நடந்தது. தானியங்கி மூலம் பெருந்தொகையான செய்திகள் ஏற்றப்பட்டபோது, பக்கங்களில் உட்பொதித்திருந்த டைனமிக்பேஜ்லிஸ்ட் என்ற நீட்சியின் பட்டியல் வினவல்கள் தரவுத்தள சர்வர்களைத் திணறடித்தன. அந்த நீட்சியை அங்கே நிறுத்தவேண்டியதாயிற்று. அதுவரை அந்த வினவல்களில் தவறேதும் தெரியவில்லை. அளவு மாறியது, வினவல் மாறவில்லை.

முதல் வேலை, கால வரம்பு. போஸ்ட்கிரெஸில் ஸ்டேட்மெண்ட் டைம்அவுட் என்ற அமைப்பு இயல்பாக 0, அதாவது வரம்பே இல்லை. விக்கியின் கணக்குக்கு மட்டும் அதை 5 நொடி என்று வைத்துவிடலாம். மற்ற கணக்குகளைத் தொட வேண்டியதில்லை. மைஎஸ்க்யூஎல்லில் இதற்கு இணையானது மேக்ஸ் எக்ஸிகியூஷன் டைம். அதில் மதிப்பை மில்லிநொடியில் கொடுக்க வேண்டும். மரியாடிபியில் மேக்ஸ் ஸ்டேட்மெண்ட் டைம், அங்கே நொடியில். இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணி மரியாடிபியில் 5000 என்று எழுதினால், ஒன்றரை மணி நேரம் போல அனுமதி கொடுத்தவர் ஆவீர்கள்.

அடுத்து, நிபந்தனையைப் பாருங்கள். உருவான தேதி நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அடைவு) இருந்தும், அந்த நெடுவரிசையை ஒரு சார்புக்குள் (ஃபங்ஷன்) போட்டு ஒப்பிட்டால் அந்த இண்டெக்ஸ் பயன்படாமல் போகும். "தேதியின் மாதம் 6 ஆக உள்ளவை" என்று எழுதாமல், "ஜூன் 1-ம் தேதி முதல், ஜூலை 1-க்கு முன்வரை" என்று எழுதுங்கள். மாதக் கடைசி நாளான 30-ம் தேதி பகலில் வந்த பதிவுகள் விட்டுப்போகும் பிழையும் இதனால் தீரும்.

அதற்கும் மேல் கனமான கணக்குகளுக்கு மெட்டீரியலைஸ்டு வியூ இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் 2013-ல் வந்த 9.3 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. கணக்கை ஒருமுறை செய்து விடையைச் சேமித்துவைக்கும், பக்கம் அந்த விடையை மட்டும் வாசிக்கும். புதுப்பிக்கும் நேரத்தில் வாசகர்கள் காத்திருக்காமலிருக்க, 9.4 பதிப்பில் வந்த கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அதற்குத் தனித்துவமான இண்டெக்ஸ் ஒன்று கட்டாயம். ரெப்ளிகா சர்வர் (தரவின் நகலை வைத்திருக்கும் சர்வர்) இருந்தால் விக்கியை அங்கே திருப்பிவிடுங்கள். செயலியின் வேகத்தை எந்த அறிக்கையும் கெடுக்கக் கூடாது.

ஒரு பக்கத்தில் எத்தனை வினவல்கள் வைக்கலாம்?

நாங்கள் ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறோம். போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஒரே நேரத்தில் 100 இணைப்புகளையே அனுமதிக்கிறது. விக்கியின் கணக்குக்கு அதில் 10 மட்டும் ஒதுக்கியிருக்கிறோம்.

தரவு மாறிவிட்டது, பக்கம் மட்டும் பழையதையே காட்டுகிறது.

கேஷ். மீடியாவிக்கி ஒருமுறை உருவாக்கிய பக்கத்தைச் சேமித்துவைத்து அடுத்தடுத்த வாசகர்களுக்கு அதையே கொடுக்கிறது; இயல்பாக ஒரு நாள் வரைக்கும். பக்கத்தை ஒருவர் திருத்தினாலோ, சேமித்ததை நீக்கும் பர்ஜ் கட்டளை கொடுத்தாலோ புதிதாக உருவாகும். டோகுவிக்கியில் கேஷ் வேண்டாம் என்று பக்கத்திலேயே ஒரு குறி எழுதலாம்.

ஆனால் கேஷை முற்றிலும் நிறுத்துவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது: இந்தத் தரவு எவ்வளவு பழையதாக இருந்தால் ஒருவர் தவறான முடிவெடுப்பார்? சர்வர் பட்டியல் ஒரு நாள் பழையதாக இருக்கலாம். இன்று அழைப்பை ஏற்க வேண்டியவரின் பெயர் பத்து நிமிடம்கூடப் பழையதாக இருக்கக் கூடாது. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே விதி வைப்பது சோம்பல்.

சென்ற மாதக் கூட்டத்தில் பார்த்த எண்ணை, பக்கத்தின் பழைய பதிப்பைத் திறந்து பார்க்க முடியுமா?

முடியாது. இதைத் தெரியாமல் பலர் ஏமாந்திருக்கிறார்கள். பக்க வரலாறு சேமிப்பது வினவலின் எழுத்துகளை. விடையை அது சேமிப்பதில்லை. மார்ச் மாதப் பதிப்பைத் திறந்தால், மார்ச் மாத வினவல் இன்றைய தரவின்மேல் மீண்டும் ஓடும். மேலே மார்ச் மாதத் தேதி, கீழே இன்றைய எண்கள். இப்படிப்பட்ட பக்கத்தைத் தணிக்கையில் ஆதாரமாகக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பதிவாக நிற்க வேண்டிய எண்களை எழுத்தாகவே எழுத வேண்டும். இதற்கு நல்ல முன்மாதிரி லிஸ்டீரியா என்ற தானியங்கி. விக்கித்தரவில் ஓடும் வினவலின் விடையை அது எடுத்து, விக்கிப்பீடியா பக்கத்தில் சாதாரண அட்டவணையாக எழுதிச் சேமிக்கிறது. வாசகர் பக்கத்தைத் திறக்கும்போது வினவல் எதுவும் ஓடுவதில்லை. 60 நொடிக் கால வரம்புள்ள விக்கித்தரவு வினவல் சேவையின் தடுமாற்றம் வாசகரைத் தொடுவதில்லை. ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றில் பதிவாகிறது. நாங்களும் மாதக் கடைசி நாள் இரவு ஒரு சிறு நிரலை ஓட்டி, அறிக்கைப் பக்கத்தின் எண்களைப் புதிய பக்கமாக எழுதிவைக்கிறோம். நேரடிப் பக்கம் இன்றைக்கு. எழுதப்பட்ட பக்கம் நாளைக்கு.

"இன்று வந்தவை" எண்ணிக்கை காலையில் மட்டும் தவறாக இருக்கிறதே?

சர்வர் பன்னாட்டுப் பொது நேரத்தில் ஓடுகிறது. அதன் நாள், இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 5.30-க்குத்தான் பிறக்கிறது. நள்ளிரவுக்கும் 5.30-க்கும் இடையே வந்த கோரிக்கைகள் நேற்றைய கணக்கில் விழுகின்றன. இரவுப் பணியில் இருந்தவர்களின் உழைப்பு எந்த நாள் கணக்கிலும் ஒழுங்காகத் தெரியாமல் போவது இதனால்தான். நேரத்தைக் கொல்கத்தா நேர மண்டலத்துக்கு மாற்றிய பிறகே தேதியைப் பிரியுங்கள். இந்த மாற்றம் வியூவுக்குள் இருக்கட்டும். பக்கம் எழுதுகிறவர் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தமிழ்ப் பெயர்கள் அகரவரிசையில் வரவில்லை. சில பெயர்கள் தேடினால் கிடைக்கவே இல்லை.

இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். இரண்டையும் ஆங்கிலக் கையேடுகளில் தேடிப் பயனில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

யூனிகோடில் தமிழ் எழுத்துகள் இஸ்கி என்ற பழைய இந்தியக் குறியீட்டை ஒட்டி அடுக்கப்பட்டவை. எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவான அடுக்கு அது. அதனால் ன என்பது ந-வுக்கு அடுத்து வருகிறது; ற என்பது ர-வுக்கு அடுத்து; ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால்; ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். தரவுத்தளம் எழுத்துகளின் யூனிகோடு எண்களை வைத்து வரிசைப்படுத்தினால் கனகா முன்னே வருவார், கமலா பின்னே வருவார். நம் நெடுங்கணக்கில் ம முன்னது, ன கடைசி. மலர், மழை, மறை என்று வர வேண்டியவை மறை, மலர், மழை என்று வரும். போஸ்ட்கிரெஸ் 10 பதிப்பிலிருந்து, பல மொழிகளின் அகரவரிசையை அறிந்த ஐசியூ என்ற நிரல்தொகுப்பின் வரிசைமுறைகள் கிடைக்கின்றன. வரிசைப்படுத்தும் இடத்தில் தமிழுக்கான ஐசியூ வரிசைமுறையைக் குறிப்பிட்டால் போதும், நெடுங்கணக்கு திரும்பிவிடும்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. "கொ" என்ற எழுத்தைத் தரவுத்தளத்தில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது க-வோடு எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று. திரையில் இரண்டும் ஒன்றே. தரவுத்தளத்துக்கு வேறு வேறு. மீடியாவிக்கி தனக்குள் வரும் எழுத்துகளை எல்லாம் முதல் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. உங்கள் செயலி அப்படி மாற்றாமலிருக்கலாம். பக்கத்தின் தலைப்பு "கொடைக்கானல் அலுவலகம்". அதே பெயரைக் கொண்டு வினவினால் பதிவு இல்லை என்று வருகிறது. மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் சிக்கல் இது. போஸ்ட்கிரெஸ் 13-இல் வந்த, இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் நார்மலைஸ் சார்பை வியூவில் பயன்படுத்தினால் தீரும்.

ஆனால் "கௌரி" என்ற பெயரை "கெளரி" என்று தட்டியிருப்பவர்களுக்கு அந்தச் சார்பு உதவாது. முன்னதில் ஔகாரக் குறி இருக்கிறது. பின்னதில் எகரக் கொம்பும் ள என்ற முழு எழுத்தும் இருக்கின்றன. இயந்திரத்துக்கு அது வேறொரு சொல். பெயர்ப் பட்டியலில் இப்படிப்பட்டவற்றை ஒருமுறை தேடி, மூலத் தரவிலேயே திருத்துவதுதான் வழி. ஒருவருடைய பெயர், எழுத்துக் கோளாறால் பட்டியலிலிருந்து மறைந்துபோவதை நான் சிறிய பிழை என்று எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு பதிவு வந்ததிலிருந்து அட்டவணை கோணிப்போய்த் தெரிகிறது.

அந்தப் பதிவின் உள்ளே நெடுங்கோடு, சதுர அடைப்பு போன்ற விக்கிக் குறியீட்டு எழுத்துகள் இருக்கும். கோரிக்கையின் தலைப்பில் வாடிக்கையாளர் எதை வேண்டுமானாலும் எழுதுவார். வெளியாட்கள் எழுதிய எந்த நெடுவரிசையையும் விக்கிக் குறியீடாகப் படிக்கவிடாமல், நோவிக்கி முறையில் அப்படியே எழுத்தாகக் காட்டுங்கள். இது அழகைப் பற்றியது மட்டுமல்ல, பாதுகாப்பையும் பற்றியது.

பக்கத்தில் வாசகர் தட்டும் மதிப்பை வினவலுக்குள் ஒட்டவைக்கும் ஆசையும் வரும். நேரடியாக ஒட்டாதீர்கள். எக்ஸ்டெர்னல் டேட்டாவில் முன்கூட்டியே தயாரித்த வினவல்களை அமைப்புக் கோப்பில் வைக்கலாம். மதிப்பு மட்டும் தனியே போகும்.

வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண் ஆகியவற்றைக் காட்டலாமா?

வேண்டாம். தரவுத்தளத்துக்குத் தெரிவது விக்கியின் ஒரே கணக்குதான். பக்கத்தைத் திறந்தவர் குழுத்தலைவரா, நேற்று சேர்ந்த பயிற்சியாளரா என்று அதற்குத் தெரியாது. பக்கத்தைப் பூட்டிவைத்திருக்கிறோமே என்பார்கள். ஆனால் வேறொரு பக்கத்திலிருந்து அதே வியூவை அழைக்க எவராலும் முடியும். கோரிக்கை எண்ணை மட்டும் காட்டி, அதிலிருந்து மூல அமைப்புக்கு இணைப்புக் கொடுங்கள். பார்க்கும் உரிமை உள்ளவர் அங்கே உள்நுழைந்து பார்ப்பார்.

ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினோம், பல பக்கங்கள் உடைந்துவிட்டன. இதை எப்படித் தடுப்பது?

வியூ இருந்தால் பாதி தடுத்தாயிற்று; உள்ளே என்ன மாறினாலும் வியூவின் நெடுவரிசைப் பெயர்கள் மாறக் கூடாது என்று குழுவில் ஒப்புக்கொள்ளுங்கள். மீதிப் பாதிக்கு, எந்த வியூவை எந்தப் பக்கம் அழைக்கிறது என்று தெரிய வேண்டும். எங்கள் வார்ப்புரு ஒவ்வொரு வினவல் பக்கத்தையும் தானாக ஒரு பகுப்பில் சேர்த்துவிடுகிறது. வியூவைத் தொடுமுன் அந்தப் பகுப்பைப் பார்த்தால் போதும்.

எதிர்த்திசையிலும் வழி வேண்டும். நள்ளிரவில் தரவுத்தள நிர்வாகி ஒரு மெதுவான வினவலைக் காண்கிறார் என்றால், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? விக்கியின் இணைப்புக்கு, அப்ளிகேஷன் நேம் என்ற அமைப்பில் "விக்கி" என்று பெயர் கொடுத்துவிட்டோம். வியூவின் பெயரோ வினவலிலேயே தெரிகிறது. இரண்டையும் வைத்து ஒரு நிமிடத்தில் பக்கத்தைக் கண்டுபிடிக்கிறார். முன்பெல்லாம் மறுநாள் காலை எங்களை எழுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வினவலின் விடையில் உள்ளவை விக்கித் தேடலில் அகப்படுமா?

அதை நம்பிப் பக்கம் அமைக்க வேண்டாம். தேட வேண்டிய முக்கியச் சொற்களைப் பக்கத்தின் முன்னுரையில் கையால் எழுதிவிடுங்கள்.

ஒரு வினவல் பக்கத்தை எப்போது எடுத்துவிட வேண்டும்?

ஒவ்வொரு பக்கத்திலும் பொறுப்பேற்ற குழுவின் பெயர் இருக்கிறது அல்லவா? ஜனவரியிலும் ஜூலையிலும் அந்தப் பகுப்பு முழுவதையும் ஒருமுறை பார்க்கிறோம். குழு கலைந்திருந்தால், அல்லது கீழே எழுதிய வரையறையை இப்போது யாராலும் விளக்க முடியாவிட்டால், வினவலை எடுத்துவிட்டு அன்றைய விடையை எழுத்தாகப் பதித்து, தேதி போட்டு, பழையது என்று மேலே எழுதிவிடுகிறோம். பக்கத்தை அழிப்பதில்லை. வியூவை மட்டும் அடுத்த பராமரிப்பு நாளில் நீக்கிவிடுகிறோம். அதற்கு முன் ஒரு வாரம் விக்கியின் கணக்கிலிருந்து அந்த வியூவுக்கான உரிமையைப் பறித்து, யாராவது கேட்கிறார்களா என்று பார்க்கிறோம்.